அருளையா வாழும் ஊர்: உயரம் 1,840 மீற்றர்

அருளையா கடல்மட்டத்திலிருந்து ஆறு மீற்றர் உயரத்தில், இத்தாலியின் பலேர்மோ நகரில், கால்சா என்ற பகுதியில், ஒரு பழைய மாளிகையின் பின்னறையில் அமைந்துள்ளார். வயது ஐம்பத்திரண்டு. தோன்றிய இடம் மன்னார். பலேர்மோவில் படிந்து பத்தொன்பது ஆண்டுகள். பிரதான தொழில், பார்வை போன ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவரைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, பின்னேரம் நான்கு மணிக்கு வாசித்துக் காட்டுவது.

வாசிப்பது எப்போதும் ஒரே கட்டுரைதான். மெக்சிகோவில் சாந்தா உர்சுலா என்ற சிற்றூரைப் பற்றி ஆசிரியர் இளமையில் எழுதியது. ஆசிரியர் அங்கே போனதில்லை. அருளையாவும் போனதில்லை. ஆயினும் அதன் மழைவீழ்ச்சியை இருவரும் நாள் தவறாமல் சரிபார்த்தனர். அருளையாவின் இத்தாலியன் முழுக்க இப்படி வந்ததுதான்.

பிறகு, நிரந்தர பெர்மெசோவுக்கான, அதாவது வதிவிட அனுமதிக்கான, மொழிப் பரீட்சை வந்தது. அது கிடைக்காவிட்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை கொடுப்பவரின் கடிதத்தோடு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கடிதம் கொடுப்பவருக்கோ எண்பத்தொன்பது வயது.

"இஞ்சேருங்கோ, கிழவர் கண்ணை மூடினால் கடிதமும் போச்சு, நாங்களும் போச்சு. பிழைவிடாதேங்கோ," என்றார் மனைவி செலஸ்ரீனா. மொண்டெல்லோக் கடற்கரையில் ஓட்டல் அறை துடைப்பவர்.

"ஓம்."

கேள்வி இதுதான்: நீங்கள் வாழும் ஊரை விவரிக்கவும். பலேர்மோவுக்கென்று அருளையாவிடம் வாளி, படிக்கட்டு, நாளைக்கு என மூன்று சொற்கள் இருந்தன. சாந்தா உர்சுலாவுக்கு இரண்டு பக்கம் இருந்தது. எழுதினார்: உயரம் 1,840 மீற்றர். எட்டு மாதம் ஆறு வற்றிக் கிடக்கும். சோளம் விளையும். கடல் 210 கிலோமீற்றர்.

பரீட்சை அம்மையார் வாசித்துவிட்டு யன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"கடல் அவ்வளவு தூரமா?"

"ஆம். இடையில் மலைத்தொடர்."

"அங்கே வாழப் பிடித்திருக்கிறதா?"

கட்டுரையில் அப்படியொரு தலைப்பு இல்லை. அருளையா தேடிப் பார்த்தார்.

"மழை போதாது," என்றார்.

இலக்கணத்தில் பிழையில்லை. எந்த ஊர் என்று பார்ப்பது அம்மையாரின் வேலையுமில்லை. பரீட்சையில் சித்தி.

"வியா மக்வேதாவைப் பற்றி நாலு வரி எழுத ஏலாதோ? ஒவ்வொரு நாளும் நடக்கிற றோட்டல்லோ," என்றார் செலஸ்ரீனா.

"நடந்தனான்தான். வாசிக்கேல்லையே."

ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: உயரத்தைச் சரியாகப் போட்டாயா?

அவர் மார்ச்சில் காலமானார். பெர்மெசோ ஏப்ரலில் கைக்கு வந்தது. இனி எவருடைய கடிதமும் தேவையில்லை. செலஸ்ரீனா அந்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப நிம்மதிதானே?"

அருளையா மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி.

"ஓம்," என்றார்.