அண்ணையின் புல்லும் நான் விரித்த பிளாஸ்டிக்கும்

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அண்ணை, இடம்பெயர்ந்து, அகதியாக லண்டன் வந்து, மனோர் பார்க்கில் ஒரு வீடு வாங்கி, பிள்ளைகள் இருவரையும் படிப்பித்து ஆளாக்கினார். இவற்றையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். அவருடைய ஒரே தங்கையான நான் இந்த நன்றி நவிலலில் எழுத வந்தது வேறு. அதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கவுன்சில் பூங்காக்களில் புல் வெட்டுவதே அண்ணையின் வேலை. வெட்டி வெட்டியே இந்த நாட்டுப் புற்களை இனம் கண்டுகொண்டார். தம் வீட்டுப் பின்வளவில் மட்டும் அவற்றை இடுப்பளவு வளரவிட்டார். அவற்றில் ஒன்று காயக் காய நல்ல வாசம் தரும். அதை முடிச்சாகக் கட்டி அண்ணியின் கூறைச் சேலைக்குள் வைப்பார். விதைகள் குருவிகளுக்கு. காய்ந்த புல்தாள் தக்காளிக் கன்றுகளின் அடியில் போட. எவ்வளவு மழை பெய்தாலும் அந்த வளவில் தண்ணீர் நின்றதில்லை. நாங்களோ, "உதென்ன பத்தை, பாம்பு வரப்போகுது" என்று நக்கலடித்தோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கைவிரித்த அன்றே எனக்குச் சனத்தின் வாய் நினைவுக்கு வந்துவிட்டது. செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் பின்வளவில்தான் நிற்பார்கள். அந்தப் பத்தையைப் பார்த்தால் என்ன சொல்லுவார்கள்? அண்ணி அவருடைய கட்டிலருகே இருந்த நேரத்தில், நான் ஆள் பிடித்துப் புல்லை வேரோடு கிளப்பி, பிளாஸ்டிக் புல் விரித்தேன். சீ, நானும் ஒரு தங்கை.

ஆனால் அண்ணை கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்தார். வந்ததும் பின்கதவைத் திறந்து பார்த்தார்.

"பிள்ளை, உது ஆருக்கு?"

"நீங்கள் சறுக்கி விழாமல் இருக்கத்தான், அண்ணை."

"பொய் சொல்லாதை. என்ரை செத்தவீட்டுக்குத்தானே விரிச்சனீ?"

நான் பின்கதவைச் சாத்தினேன்.

"சரி, விடு. வாற சனம் நிக்க இடம் வேணும்தானே" என்றார்.

அதன்பின் மூன்று கிழமைதான் உயிரோடு இருந்தார். பின்கதவுத் திரையை விலக்க விடவில்லை. மழைத் தண்ணீர் அந்தப் பிளாஸ்டிக்கில் தேங்கி, பூனை மூத்திரத்தோடு சேர்ந்து அறைவரை நாறியது. அந்த நாற்றத்திலேதான் அவர் கண்ணை மூடினார்.

அண்ணையைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செத்தவீட்டன்று அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, "பின்வளவு நல்ல வடிவாய்க் கிடக்கு" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அவர்களுக்கும் அன்று நன்றி சொன்னேன். அந்த நன்றியை மட்டும் இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.