நான் எழுதிய பத்து மரைகள்

போன வருஷம் அப்புத்தளைக்கு மேலே ஒரு காட்டைப் பற்றி இந்த வலைப்பக்கத்தில் எழுதினேன். தேயிலைத் தோட்டத்தின் பெயர், பாதை, ஓடை எல்லாம் போட்டு, பத்து மரை, அதாவது கடமான், பார்த்ததாகவும் எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியதை ஊரே பகிர்ந்தது. ஊவா மாகாணத்தில் காட்டை என்னைப்போல் அறிந்தவன் யார்? அந்த மரையை இன்னொரு தடவை பார்க்கத்தான் இந்தப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினேன்.

பதுளையில் காலை ஆறரை பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். எட்டேகாலுக்கு நான் இறங்கியதும் மூடுபனியே விலகி வழிவிட்டது. ஆட்டோக்காரர் எண்ணூறு கேட்டார். என் மீசையைப் பார்த்து எழுநூற்றுக்கு வந்தார்.

தொழிலாளர் லயத்தருகே தோட்டக் காவற்காரர் முருகையா நின்றார். போன தடவை என்னைக் கூட்டிப்போனவர். “வாங்கண்ணே” என்றார். சிரிக்கவில்லை.

முதலில் இருபது நிமிஷம் யூக்கலிப்டஸ் தோப்பு. வரிசையாக நட்ட மரங்கள்; கீழே புல்லில்லை, மேலே குருவியில்லை. அதைத் தாண்டினால்தான் அசல் காடு. பாசி மூடிய குட்டை மரங்கள், காட்டுக்கோழி, கருமந்தி, மலை அணில், ஓடைக்கு வரும் மரை. அங்கே ஒரு கை சருகை அள்ளினால் இந்தத் தோப்பு முழுக்க இல்லாத உயிர் இருக்கும்.

தோட்டத்து ஆட்கள் ஒரு கொப்பை ஒடித்துக் காட்டு வாசலில் தொங்கவிட்டுச் சாமியிடம் கேட்டுத்தான் உள்ளே போவார்கள். போன தடவை நான் சிரித்துக்கொண்டே நுழைந்தேன்.

அந்த வாசலில் நின்று முருகையா பையிலிருந்து ஒரு கம்பிச் சுருக்கை எடுத்தார். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி.

“நீங்க எழுதுனதப் படிச்சிட்டு வேன்ல வந்து சுருக்கு வச்சானுகண்ணே. ஓடையில பத்து மரை நிக்குதாம்ல?”

சுருக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

“நாம பாத்தது ஒன்னுதானே. அதுவும் செனையா இருந்துச்சு. நாங்க போறப்ப தோலும் கொடலுந்தான் கெடந்துச்சு. மிச்சம் ஒம்பதுக்கு இன்னமும் வர்றானுக. அதெல்லாம் எங்கண்ணே நிக்குது?”

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன் நான். ஒரு கொப்பை ஒடித்தேன்.

“இப்ப எதுக்குண்ணே?” என்றார்.

தொங்கவிட்டுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினேன்.

அப்புத்தளை போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். பழைய பதிவை அழித்துவிட்டேன்; பாதை கேட்டு யாரும் எழுத வேண்டாம். மற்றதில் கூட்டிச் சொல்லியிருக்கலாம், இதில் இல்லை: அந்த ஓடையில் நான் பார்த்தது ஒரே ஒரு மரை. அதுவும் இப்போது இல்லை.