சித்தப்பாவின் கிரகத்துக்கு வந்த பெண்

எங்கள் சித்தப்பா விஞ்ஞானக் கதை எழுதுவார். பாலக்கோடு சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு டிராக்டரில் திரும்பும்போது, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்பே கதையை எனக்குச் சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன ஒரு கதையில், ஆளில்லாத கிரகத்தில் இரண்டு ஆண்கள் காவல் இருக்கிறார்கள். பல வருடம் கழித்து விண்கலம் வருகிறது. ஒருவனுக்குத்தான் இடம். இரண்டு பேருமே ஏறவில்லை.

"ஏன் சித்தப்பா, ஊருக்குப் போக ஆசை இல்லியா?"

"அவன் இருக்கற எடந்தான் இவனுக்கு வூடு, கண்ணு."

கதை அச்சில் வந்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் அப்பா பத்திரிகை வாங்கினார். அம்மா கேசரி கிண்டினாள். பக்கத்தைப் புரட்டினால், விண்வெளி உடுப்பில் நீளக் கூந்தலோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இரண்டாவது காவல்காரனைப் பெண்ணாக மாற்றியிருந்தார்கள். கடைசியில் கல்யாணமும் நடந்திருந்தது. அந்தக் கிரகத்துக்குப் பாதிரியார் எப்படி வந்து சேர்ந்தாரோ தெரியவில்லை.

"நான் ரெண்டு பேரையும் ஆம்பளையாத்தானுங்கண்ணா எழுதுனேன்" என்றார் சித்தப்பா.

"பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியாததாடா? இதுதான் நல்லாருக்குது" என்றார் அப்பா.

"கதைக்கு வந்த பொண்ணு வூட்டுக்கும் வரட்டும்" என்றாள் அம்மா.

மத்தியானம் சித்தப்பாவின் சிநேகிதர் வந்தார். கடத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஞாயிறு தவறாமல் வருவார். நின்றபடியே கதையைப் படித்து முடித்தார்.

"அப்ப நாந்தான் இந்தப் பொண்ணா?" என்று சிரித்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கேசரியைத் தொடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். சிநேகிதர் கடையைக் காலி செய்துவிட்டு ஓசூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். சித்தப்பா அப்புறம் கதையே எழுதவில்லை. சித்தியிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதுமில்லை, சிரித்துப் பேசியதுமில்லை. அந்த இரண்டு பேரையும் அவர்கள் பாட்டுக்கு அங்கேயே விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கிரகம் முழுக்கக் காலியாகத்தானே கிடந்தது.

கதை வந்த அந்த ஞாயிறு சாயங்காலம் சித்தப்பா பத்திரிகையை மடியில் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அருகில் போனேன்.

"பொண்ணு அழகாத்தான் இருக்குது சித்தப்பா."

அவர் என் தலையைத் தடவி, "ஆமா கண்ணு, அழகாத்தான் இருக்குது" என்றார்.

அவரைத் தேற்றிவிட்ட சந்தோஷத்தில், அதை அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.