குரூப்புக்கு வெற்றிலை பாக்கு

முதலில் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வருவதே என்னால்தான் என்று போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். நீங்களும் ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் ஆகிப் பாருங்கள், தெரியும்.

ராசிபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். எத்தனை மணிக்கு என்பது வால்வு திறக்கிறவருக்கே வெளிச்சம். வந்தவுடன் முன்வரிசை வீடுகள் மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அந்தக் கடைசி வீடு பாவாயி அக்காவுடையது. பட்டுத்தறி நெய்கிறவர். இரண்டு தடவையாக அவர் தொட்டிக்குத் தண்ணீர் எட்டவில்லை.

இதற்காகத்தானே மூன்று வருடம் முன்பு குரூப்பே ஆரம்பித்தேன்! தண்ணீர் வந்ததும் தகவல் போடுவது. முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்... நிறுத்துகிற ஆளா நான்? தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம். தலைமைப் பண்பு பற்றி வீடியோ. யாரோ முறை தவறி மோட்டார் போடுகிறார்கள், யாரென்று தெரியவில்லை – எனவே எல்லோரையும் பொதுவாகத் திட்டி, 'அட்மினின் அன்பான கண்டிப்பு' என்று ஓர் அறிக்கை. அதற்கும் ஒரு ரோஜாப்பூ.

போன புதன்கிழமை காலை, சாம்பல் நிறத்தில் ஒரு வரி: பெரியசாமி அண்ணன் வெளியேறினார்.

பெரியசாமி அண்ணன் முதல் வீடு. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர்வெல் போட்டவர். அவர் வீட்டு மோட்டார் சாதாரண மோட்டார் இல்லை; ஓடினால் பக்கத்து வீட்டு டம்ளர் அலமாரியில் நகரும். மறுநாள் தண்ணீர் வருகிற நாள். அவர் குரூப்பில் இல்லையென்றால் சட்டம் அவரை எப்படிக் கட்டுப்படுத்தும்? பாவாயி அக்காவுக்கு மூன்றாவது தடவையும் காற்றுதானா?

ஏன் போனார்? பழைய செய்திகளை மூன்று மணி நேரம் தோண்டினேன். அகப்பட்டது. பொங்கலுக்கு அவர் போட்ட மாட்டுப் படத்துக்கு நான் கட்டைவிரல் மட்டும் காட்டியிருந்தேன். மற்ற எல்லோர் மாட்டுக்கும் கைகூப்பு!

"ஏனுங்க, ஒரு போனப் போட்டுக் கேட்டா முடிஞ்சுதுங்களே?" என்றாள் என் மனைவி சாந்தி.

போனிலா? எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குக்கூட நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் பத்து வருடத்துக்குப் பேச்சு கிடையாது. நானோ மூன்று வருடம் முன்பு அவரை வெறும் நம்பரைத் தட்டிக் குரூப்புக்குள் போட்டிருக்கிறேன். எப்பேர்ப்பட்ட அவமரியாதை!

உடனே அறிவித்தேன்: 'நாளை மாலை பெரியசாமி அண்ணனை வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி குரூப்புக்கு அழைக்க இருக்கிறேன்.'

அனுப்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டெய்லர் முருகேசன் வெளியேறினார். கூடவே போன் வந்தது.

"ஏனுங்கண்ணா, அவருக்கு மட்டும் தட்டு. நாங்க என்ன எளக்காரமுங்களா?"

"முருகேசா, நீதான் மூணு வருசமா உள்ளயே இருக்கறயே?"

"இப்ப வெளிய வந்துட்டனுல்லங்க. மொறையாக் கூப்புடுங்க, வாரேன்."

அப்புறம் வரிசையாக... வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார். ஒருவர் மட்டும் நாகரிகமாக, 'நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல ஊட்டுலதான் இருப்போமுங்க' என்று எழுதிவிட்டு வெளியேறினார். மதியத்துக்குள் தெருவே காலி. சாயங்காலம் சாந்தியும் வெளியேறினாள்.

"நீ எதுக்குடி?"

"தட்டு வெக்காமச் சேந்த ஒரே பொம்பளைன்னு எனக்குப் பேரு வேணுங்களா? கூட வருவன்னும் நெனைக்காதீங்க. கூப்புடற மொறையில நானு தட்டு வாங்கற பக்கம்."

தனியாகத் தட்டோடு போனால் நன்றாகவா இருக்கும்? வியாழக்கிழமை மாலை பாவாயி அக்காவிடம் போய் நின்றேன்.

"அதுக்கென்ன சாமி, நானு வாரேன். தண்ணி எனக்குத்தான வேணும்?"

நான் நெகிழ்ந்துபோனேன். "குரூப்புல என்னைய உட்டுப் போகாம மிஞ்சியிருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்கக்கா."

"நானெங்க சாமி அதுல இருக்கறேன்? எம்பட போனு பட்டன் போனு."

மூன்று வருடம். யாருக்காக நடத்தினேனோ அவர் உள்ளேயே இல்லை. உறுப்பினர் பட்டியலை நான் ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்திருக்கிறேனா? கண்டிப்பு அறிக்கை எழுதுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்!

பெரியசாமி அண்ணன் வீட்டு வாசலில் தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, முதல் நாளே எழுதிவைத்த உரையை எடுத்தேன். "மதிப்புக்குரிய அண்ணா..." என்றேன். "தண்ணி வந்துருச்சு!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். அண்ணன் எட்டி ஸ்விட்சைப் போட்டார். தரை அதிர்ந்தது. நான் விடுவேனா? மோட்டாருக்கு மேலே கத்தினேன். "நமது குடும்பத்தின் மூத்த உறுப்பினரான தாங்கள்..."

"என்னுங்க? கேக்குலீங்க!"

பாவாயி அக்கா ஓரடி முன்னால் போனார். "அண்ணா, மோட்டார நிறுத்துங்க. ரெண்டு தடவையா எனக்குத் தண்ணி எட்டல."

அண்ணன் நிறுத்தினார். "அட, எட்டலையா? முன்னயே ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"குரூப்புல சொன்னனேங்கண்ணா!" என்றேன் நான்.

"எங்கீங்க? ஒரே ரோசாப்பூவால்ல கெடந்துச்சு!"

"அப்ப எதுக்குங்கண்ணா வெளியேறுனீங்க? அந்த மாட்டுப் படமுங்களா?"

"எந்த மாடு? போனு ரொம்பி நின்னுபோச்சு. கடையில குடுத்தேன். 'பூராம் பூவா இருக்குதுங்க, இந்தக் குரூப்பக் கழட்டி உடட்டுங்களா?'ன்னான். உடுன்னேன்."

தலைவர் என்பவர் யார் என்று அந்த வாசலில் எனக்கு லேசாகப் புரிந்தது. எல்லோரும் கேட்கத் தயாராக இருக்கிற ஒரு வார்த்தையை, யாருக்கும் கேட்காதபடி மூன்று வருடம் சொல்லிக்கொண்டே இருப்பவர்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. நான் அழைக்க வருவேன் என்று எல்லோரும் வெளுத்த வேட்டி, நல்ல சேலையில் வாசலிலேயே காத்திருந்தார்கள். நான் உரையைப் பிரிப்பதற்குள் அக்கா தட்டை நீட்டி, "மோட்டார நிறுத்துங்க சாமி, எனக்கு எட்டல," என்பார். நிறுத்தினார்கள். முருகேசன் நிறுத்திவிட்டு, எதிர்வீட்டையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினான். பதினொன்றாவது வீட்டில் வெற்றிலை தீர்ந்துபோனது. யாரும் கேட்கவில்லை.

ஆறரை மணிக்குப் பாவாயி அக்காவின் தொட்டி நிரம்பித் தெருவில் வழிந்தது. அப்போது குரூப்பில் இருந்தது நான் ஒரே ஓர் ஆள்.