தலையில்லாத மயில்

அக்கா மகளின் கல்யாண ஆல்பத்தை யாராவது கையில் எடுத்தால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். நடுப்பக்கத்தில் அவளுடைய இரண்டு கைகளும் பெரிதாக இருக்கின்றன. ஒன்பது விரல்களில் நகம் வரைக்கும் மருதாணி. இடது கை ஆள்காட்டி விரலில் மட்டும் ஒன்றும் கிடையாது, நுனியில் ஓட்டு மை. புறங்கையில் தோகை விரித்து நிற்கும் மயிலுக்குக் கழுத்தும் இல்லை, தலையும் இல்லை. அந்தத் தலை போனதற்குக் காரணம் நான்தான்.

எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடை. கல்யாண பிளவுஸ்தான் முக்கிய வேலை. கைக்கு வேலை இருக்கும்போது வாய்க்கும் காதுக்கும் ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் அரசியல். எனக்கு ஒரு கட்சி. கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு, எதிர்க்கட்சி. ரிடையர் ஆன வாத்தியார். அவர் அனுப்பும் செய்திகளை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் என் கட்சி வாட்ஸ்அப் குழுவில் வருவதைப் பாதி படிப்பதற்குள் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுவேன். அதைச் சமூக சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

போன தேர்தலில் ஓட்டு சனிக்கிழமை விழுந்தது. அக்கா மகள் கல்யாணம் மறுநாள் ஞாயிறு. மண்டபத்துக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே பணம் கட்டியாகிவிட்டது. நாடாளுமன்றத்தைக் கலைப்பவர்கள் எங்களைக் கேட்டா கலைக்கிறார்கள்?

அந்தப் பெண்ணுக்கு இரண்டே ஆசைதான். ஒன்று, முதல் தடவையாக ஓட்டுப் போடுவது. அந்த ஆசையை மூட்டிவிட்டது நான். இன்னொன்று அந்த மயில். புறங்கையில் உடம்பு, ஆள்காட்டி விரல் நெடுகக் கழுத்து, நகத்துக்குக் கீழே தலை. படத்தை அவளே வரைந்து மருதாணிக்காரம்மாவிடம் கொடுத்திருந்தாள். ஆறு மாசமாகப் போனில் அந்த மயிலைத்தான் வால்பேப்பராக வைத்திருந்தாள். மாப்பிள்ளை படம்கூட இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பிளவுஸுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். குழுவில் செய்தி வந்தது. ஓட்டு மை வைக்கும் விரலில் மருதாணி இருந்தால் ஓட்டுப் போட விடமாட்டார்கள், நம் பெண்களின் ஓட்டைக் குறைக்க எதிர்க்கட்சி செய்யும் சதி, உடனே பகிருங்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முதலில் பகிர்ந்தேன், அப்புறம் கிள்ளானுக்குப் போன் போட்டேன். அத்தான் எடுத்தார்.

"அப்படி ஒரு ரூலே இல்லம்மா," என்றார். "நான் மூணு எலெக்‌ஷன்ல ஓட்டுச்சாவடி மேசையில உக்காந்திருக்கேன். மருதாணி கையோட எத்தனை பேரு வந்தாங்க தெரியுமா? மையை வச்சு அனுப்பிக்கிட்டே இருந்தோம்."

நியாயமாகப் பார்த்தால் அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவர்களில் அந்த மேசையில் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் என் புத்தி எங்கே போனது பாருங்கள். அவர் மகள் ஓட்டு என் கட்சிக்கு விழும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஓட்டு விழாமல் போனால் யாருக்கு லாபம்? பெற்ற மகளையே ஏமாற்றப் பார்க்கிறாரே மனுஷன் என்று பொருமினேன். மூன்று தடவை அவர் மேசையில் உட்கார்ந்ததுகூட எனக்குச் சந்தேகமாகப் பட்டது.

மறுநாள் கடையை அரை நாளோடு மூடிவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். மருதாணிக்காரம்மா வலது கையை முடித்து இடது கையில் மயிலின் தோகையைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் ஆள்காட்டி விரலைத் தொடக் கூடாது என்றேன்.

"இந்த வாரம் நாலு பொண்ணுக்குப் போட்டேன்கா. எல்லாரும் நாளைக்கு ஓட்டுப் போடறாங்க. யாரும் ஒன்னும் சொல்லலையே," என்றார்.

"நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டேன். அந்தம்மா மருதாணிக் கோனை அழுத்தித் தோகையைத் தொடர்ந்தார்.

கல்யாணப் பெண் என்னையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். "சித்தி, தலை இல்லாம மயில் எப்படி?"

"ஓட்டு முக்கியமா, மயில் முக்கியமா?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனாலும் விரலை நீட்டினாள். பதினெட்டு வயதிலிருந்து ஓட்டு ஓட்டு என்று அவள் காதில் ஓதியவள் நான், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. பையில் இருந்த லைனிங் துணியைக் கிழித்து அந்த விரலில் சுற்றி நூலால் கட்டினேன். சாக்கு ஊசியால் தைக்கவில்லை, அவ்வளவுதான். அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். என் ஐ.சி. அடையாள அட்டையில் இன்னும் பழைய கிள்ளான் விலாசம்தான், அதனால் என் ஓட்டும் அங்கேதான். அத்தான் சட்டைப் பையில் மூன்று பேனா. எதற்கு என்றால், சாவடியில் கொடுக்கும் பேனாவால் குறி போட்டால் பத்து நிமிஷத்தில் அழிந்துவிடுமாம், என் கட்சி செய்த ஏற்பாடாம். அவர் குழுவில் வந்திருக்கிறது.

"மூணு தடவ மேசையில உக்காந்தவரு நீங்க, இதை நம்புறீங்களா?" என்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ எங்களுக்கு எதிராத்தான் போடுவ. இருந்தாலும் ஓட்டு அழியக் கூடாதுலா."

நான் வாங்கவில்லை. அவர் பேனாவில் என்ன இருக்கிறதோ யார் கண்டது?

அங்கே வயசு வாரியாக வரிசை. அக்கா மகள் சின்னவர்கள் வரிசைக்குப் போய்விட்டாள். என் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆன்டி, முழங்கை வரைக்கும் மருதாணி. உள்ளே போனார், விரலில் மையோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அவங்க கட்சிக்காரங்களா இருக்கும், அதான் விட்டுட்டாங்க என்று நினைத்தேன்.

நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது அக்கா மகள் கார் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல சித்தி. எனக்கு முன்னாடி போன ரெண்டு பேரு கையிலயும் மருதாணி. மை வச்ச மலாய்க்கார அக்கா என் கையைப் பார்த்துட்டு, ரொம்ப அழகா இருக்கு, மயிலுக்குத் தலை எங்கன்னு கேட்டாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காரில் ஏறி உட்கார்ந்து கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். மருதாணிக்காரம்மாவுக்குப் போன் போட்டேன், அவர் காப்பார் பக்கம் இன்னொரு கல்யாண வீட்டில் இருந்தார். கடையில் ஒரு கோன் வாங்கி வந்து நானே தலையைப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சித்தி. பிளவுஸ் தச்சுக் குடுத்தீங்கல்ல, அது போதும்."

மறுநாள் மண்டபத்தில் வந்தவர்களெல்லாம் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். மயிலுக்குத் தலை எங்கே என்று கேட்காதவர் இல்லை. "அது குனிஞ்சு தண்ணி குடிக்குது," என்று அத்தான் ஒவ்வொருவரிடமும் சொன்னார். என் பெயரை ஒருத்தரிடமும் எடுக்கவில்லை. நான் பந்தியில் ரசம் ஊற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்தே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை கடையில் இருந்தபோது குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு பெண்ணின் கை, அரைகுறை மருதாணி, கறுத்த விரல். "கிள்ளானில் கொடுமை! வாக்குச்சாவடியில் கல்யாணப் பெண்ணின் மருதாணியைச் சுரண்டி எடுத்தார்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ரத்தம் கொதித்தது. அனுப்புவதற்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தும்விட்டேன். அப்புறம்தான் படத்தின் ஓரத்தில் பிளவுஸ் கை கண்ணில் பட்டது. அரக்கு நிறம், விளிம்பில் தங்கப் பைப்பிங். அந்தப் பைப்பிங்கை இரண்டு தடவை பிரித்துத் தைத்தவள் நான். மண்டபத்தில் யாரோ எடுத்த படம்.

உடனே டைப் பண்ணினேன். இது பொய், இது என் அக்கா மகள் கை, யாரும் சுரண்டவில்லை, துணி சுற்றிக் கெடுத்தது நான்தான். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "அக்கா, உங்க அத்தான் அந்தக் கட்சிதானே? அவரு சொல்லிக் குடுத்தாரா?" எழுதியவர் பல வருஷமாக என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்.

அத்தானுக்குப் போன் போட்டேன். "நான் சொல்றதை யாருமே நம்ப மாட்டேங்கறாங்க அத்தான்," என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்க குழுவுலயும் அதே படம் வந்துச்சு," என்றார். "ரெண்டாவது ஓட்டுப் போட வந்து மாட்டிக்கிட்ட உங்க கட்சிக்காரியாம். மையை மறைக்கத்தான் மருதாணி போட்டாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது என் மகள்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"என்னைக் குழுவை விட்டே தூக்கிட்டாங்கம்மா."