ஒரே மெஷினில் நானும் தம்பியும்

தம்பிக்குக் கிட்னி கொடுக்க நான் தயார் என்று சொன்ன அன்று, டாக்டர் முதலில் கேட்டது என் எடையைத்தான். எண்பத்தொரு கிலோ. என் உயரத்துக்கு அது ரொம்ப அதிகம், பத்துக் கிலோவாவது குறைத்துவிட்டு வாருங்கள், இப்படியே அறுத்தால் ஆபத்து உங்களுக்குத்தான் என்றார். தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் மனைவிக்கு ரத்தவகை சேரவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. பொருந்தியது நான் ஒருத்திதான். டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றும் கை நரம்பு அவனுக்கு இரண்டு தடவை அடைத்துக்கொண்டதால், ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். கொடுக்க ஆள் இருந்தும் குறுக்கே நின்றது என் இடுப்புச் சதை. அந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கேரள எல்லையில் கம்பம்மெட்டுப் பக்கம், ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரில் காய் தரம் பிரிப்பது என் வேலை. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம். பெரிய காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். கை மட்டும்தான் ஓடும். இருபது வருஷம் அப்படி உட்கார்ந்தால் உடம்பு என்ன ஆகுமோ அதுதான் எனக்கும் ஆனது. தம்பி ஜீப் ஓட்டுகிறவன். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அப்போதும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பத்துக் கிலோ எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நாங்கள் வேதக்காரர்கள். தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை தொடாமல் இருந்து பழகிய குடும்பம். அதேபோல் இருந்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். கறியை நிறுத்தினேன், மீனை நிறுத்தினேன், முட்டையையும் நிறுத்தினேன். காலையில் மட்டும் வழக்கம்போல மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டேன். தவக்காலத்தில் அதைத்தானே சாப்பிடுவோம். மத்தியானத்துக்கு இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பயறு. விடிந்ததும் எங்கள் லயத்து வீட்டிலிருந்து, மேட்டில் குகை மாதிரி கட்டிவைத்த மாதா கெபி வரைக்கும் நடை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவதற்குள் காலில் நாலைந்து அட்டை ஏறிவிடும். அவை குடித்த ரத்தத்தின் கணக்குக்காவது நான் இளைத்திருக்க வேண்டும்.

தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமைதோறும் அவனோடு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவேன். மற்ற இரண்டு நாள் அவன் மனைவி போவாள். டயாலிசிஸ் அறை வாசலில் ஒரு எடை மெஷின் உண்டு. ஊசி ஏற்றுவதற்கு முன்னால் தம்பியை அதில் நிறுத்துவார்கள், முடிந்த பிறகும் நிறுத்துவார்கள். இடையில் உடம்பில் தங்கிய தண்ணீர் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பார்ப்பதற்கு. அவனை ஏற்றிய பிறகு என்னையும் ஏற்றச் சொல்லி நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். மலையாளத்துப் பிள்ளை, சின்ன வயசு, நல்ல குணம்.

முதல் சனிக்கிழமை எண்பத்தொன்று. அடுத்ததும் எண்பத்தொன்று. அதற்கடுத்தது எண்பத்தொன்றரை. தம்பி நாலு மணி நேரம் படுத்து எழுந்து இரண்டரைக் கிலோ குறைந்து இறங்குவான். அது நோயின் எடை, அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது பாவம் என்று தெரியும். ஆனாலும் பொறாமையாகத்தான் இருந்தது.

"சேச்சி, ஒண்ணும் குறஞ்சிட்டில்ல கேட்டோ" என்று, எதுவும் குறையவில்லை என்பதை நர்ஸ் மெதுவாகச் சொல்வாள்.

"ஒங்க மெஷின மாத்துங்க" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பிள்ளை மெஷினைத் தூக்கி வேறு இடத்தில் வைத்து, மறுபடியும் என்னை நிறுத்திப் பார்த்தது. அதே எண்தான்.

ஸ்டோரில் கேலிக்குக் குறைவில்லை. பச்சைக் காய் ஐந்து கிலோ டிரையருக்குள் போனால் காய்ந்து ஒரு கிலோவாக வெளியே வரும். "மதினி, ஒங்கள ஒரு நாள் டிரையர்ல போட்டு எடுத்தா சோலி முடிஞ்சிரும்" என்பாள் ஒருத்தி. நானும் சிரிப்பேன். ஆனால் ஆறு வாரம் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆறாவது சனிக்கிழமை நர்ஸ் என்னிடம் விவரமாகக் கேட்டாள். காலையில் என்ன, மத்தியானம் என்ன, சாயங்காலம் என்ன என்று. கிழங்கு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அது முழுக்க மாவுதானே, கிழங்கை விட்டுவிட்டு முட்டையைச் சாப்பிடுங்கள் சேச்சி என்றாள். மத்தியானம் இரண்டு சப்பாத்தி என்று நான் பெருமையாகச் சொன்னபோது, கட்டிலில் படுத்திருந்த தம்பி கண்ணைத் திறந்தான்.

"யக்கா, ஸ்டோர்ல வட்டத்துலதான உக்காந்து சாப்பிடுத?"

"ஆமா, பெறகு எங்க உக்காருவாக?"

அவ்வளவுதான், அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊசி ஏறிய கையை ஆட்டக்கூடாது என்று நர்ஸ் அதட்ட வேண்டியதாகிவிட்டது.

எங்கள் ஸ்டோரில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் டப்பாவைத் திறந்தாலும் அதில் ஒரு கை எல்லோருக்கும் போகும். வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. என் டப்பாவில் இரண்டு சப்பாத்தியும் கொஞ்சம் பயறும் மட்டும் கிடப்பதைப் பார்த்து, இம்புட்டுத்தானா என்று இரக்கப்பட்டு ஆளுக்கு ஒரு கைக்கு இரண்டு கையாக வைத்தார்கள். புளிச்சோறு, மீன் குழம்பு பிசைந்த சோறு, தேங்காய்த் துவையல். என் வீட்டில் சமைத்ததைத்தான் நான் சாப்பாடு என்று எண்ணி வந்திருக்கிறேன். மற்றவர்கள் டப்பாவிலிருந்து வந்தது கணக்கிலேயே இல்லை. தவக்காலத்தில் கறி சாப்பிடாதவள், அடுத்தவள் வைத்த மீன்சோற்றைத் தின்றுவிட்டு விரதம் என்று நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை வட்டத்தில் உட்கார்ந்ததும் எனக்கு வைக்காதீர்கள் என்று சொன்னேன். முகங்கள் சுருங்கின. "எங்க கைச்சோறு எறங்கலியோ" என்று ஒருத்தி கேட்டாள். அதுவரைக்கும் எதற்காக இளைக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேனோ என்ற பயம். அன்றைக்குச் சொன்னேன், அழவும் செய்தேன். மறுநாள் ஆறு டப்பாவிலும் சோற்றுக்கு மேல் பீன்ஸ் பொரியலும் கீரையும் இருந்தன. சோற்றைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு பொரியலை எனக்கு வைத்தார்கள். வட்டமும் கலையவில்லை, என் டப்பாவும் காலியாகப் போகவில்லை. அந்த ஆறு பேருக்கும் நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

இனி குறையும் என்று நிச்சயமாக நம்பினேன். அடுத்த சனிக்கிழமை எண்பதரை. அதற்கடுத்தது எண்பத்தொன்று. மூன்றாவது சனிக்கிழமையும் எண்பத்தொன்று. மெஷினிலிருந்து இறங்கினேன். தம்பியைப் படுக்க வைத்ததும் எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போனேன். மூன்று பரோட்டா, ஒரு பிளேட் மாட்டுக்கறி. துடைத்து வழித்துச் சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிட்டாலும் ருசியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவனுக்கு வாசனை தெரிந்துவிட்டது.

"கொழம்பு எப்படி இருந்துச்சு?" என்றான்.

"என்னால முடியலடா. ஒம்பது வாரம். ஒரு கிலோகூட எறங்கல."

"கொழம்பு எப்படின்னு கேட்டேன்."

"மொளகு தூக்கலா, நல்லா இருந்துச்சு."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டான். "விட்ருக்கா. நான் ஒரு மாசமாச் சொல்லணும்னு இருந்தேன். ஒனக்கும் பிள்ளைங்க இருக்கு. எனக்கு இந்த மெஷினே போதும், பழகிருச்சு."

கோபம் அவன் மேல் திரும்பியதுபோல இருந்தது. அவன் மனைவி அன்றைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால், அவனை அவன் வீட்டில் கொண்டுவிட்டு அங்கேயே தங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து இருவருமாக இருந்தோம். மூன்று வருஷமாக அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ஆனால் ஒரு நாள் முழுக்க அவன் வீட்டில் இருந்து பார்த்தது அன்றுதான்.

அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. காலையில் அதில் அளந்து ஊற்றி வைத்த தண்ணீர்தான் அவனுக்கு அன்றைக்கு முழுக்க. டாக்டர் குறித்த அளவு. நான் பால் விடாத கட்டஞ்சாயா போட்டு அரை கிளாஸ் கொடுத்தேன். குடித்துவிட்டு, பாட்டிலிலிருந்து அதே அரை கிளாஸ் அளந்து, வாசலில் இருந்த ரோஜாத் தொட்டியில் ஊற்றினான். சாயாவும் கணக்கில் சேர வேண்டும் அல்லவா. மாத்திரை விழுங்க இரண்டு மடக்கு, அதுவும் பாட்டிலிலிருந்துதான். வெளியே அடைமழை. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உதடு வெடித்துப்போன ஒருவன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இம்புட்டு இருந்தும் ஒனக்கு என்னடா கொணமாகுது?" என்று கேட்டே விட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. ஆகும்னு யாரும் சொல்லவும் இல்லயே."

"பெறகு எதுக்கு?"

அவன் யோசித்தான். "சாயந்திரம் பாட்டில்ல ரெண்டு மடக்கு மிச்சம் இருந்துச்சுன்னா அன்னைக்கு நான் ஜெயிச்சேன்னு வச்சுக்குவேன். அம்புட்டுத்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வாரம் மெஷின் அசையவில்லை என்று நான் கறி தின்னப் போனேன். மூன்று வருஷமாக எதுவுமே அசையாது என்று தெரிந்தே இவன் தண்ணீரை அளந்து குடிக்கிறான், ஒரு நாள்கூட யாரிடமும் முறையிட்டதில்லை. விட்டுவிடு என்று எனக்குச் சொன்னவன், தன் பாட்டிலை விடவில்லை. தவக்காலம் என்றால் நாம் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாற்பதாம் நாள் தாண்டி ஈஸ்டர் வந்துவிடும். அப்படி ஒரு தேதிக்காகக் காத்திருந்து பழகியதுதான் என் கோளாறு என்று அன்றைக்குப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை நர்ஸிடம் ஒரு உதவி கேட்டேன். நான் மெஷினில் முதுகைக் காட்டி நிற்பேன், எண்ணைப் பார்த்து எழுதிக்கொள், என்னிடம் சொல்லாதே, முகத்திலும் காட்டாதே என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள். எனக்கு வேண்டியது வேறு இரண்டு கேள்விகள்தான். இன்றைக்குக் கெபி வரை நடந்தேனா? வட்டத்தில் சோறு வாங்காமல் எழுந்தேனா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அன்றைக்கு நான் ஜெயித்தேன். இல்லை என்று ஆன நாட்களும் உண்டு. மழை விடாத ஒரு வாரம் முழுக்க நடக்கவே இல்லை. மாதா மன்னிப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டு அடுத்த வாரம் தொடங்கினேன்.

ஒன்பது சனிக்கிழமை அப்படிப் போனது. பத்தாவது சனிக்கிழமை எழுதிக்கொண்டிருந்த நர்ஸின் பேனா நின்றது. "சேச்சி, ஒண்ணு திரிஞ்சு நோக்கு" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயே என்று திட்டிக்கொண்டே திரும்பினேன். எழுபத்தேழு. அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. தன் நோட்டில் வாரவாரம் அது அரைக் கிலோ, கால் கிலோவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு சிரிப்பைக்கூடக் காட்டாமல் எப்படி இருந்தாளோ தெரியவில்லை.

எல்லாமாக ஏழு மாதம் ஆனது எழுபத்தொன்றுக்கு. அதற்குள் தம்பியின் நரம்பு இன்னொரு தடவை அடைத்து, கழுத்தில் குழாய் வைத்தார்கள். கடைசி இரண்டு மாதமும் கெபிக்குப் போய் நின்றால் எனக்காக வேண்டத் தோன்றியதே இல்லை, அவனுக்கு நாள் கொடு என்று மட்டும் மாதாவிடம் கேட்டேன். கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, நான் தகுதியானவள் என்று எழுதினார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு விசாரணை உண்டு. ஒரு அறையில் மேஜைக்குப் பின்னால் நாலு பேர், பக்கத்தில் வீடியோ கேமரா. கிட்னி கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள், யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ கொடுக்க வைக்கவில்லையே என்று. தம்பி வெளியே பெஞ்சில் இருந்தான். கண்ணாடி போட்ட ஒருவர் தமிழில்தான் கேட்டார்.

"இந்த விஷயத்துல யாராவது உங்கள வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"வற்புறுத்துனாக, சார்."

நாலு பேரும் நிமிர்ந்தார்கள்.

"யாரு?"

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான்ல, அவந்தான். குடுக்காத, குடுக்காதன்னு மாசக்கணக்கா உசுர எடுக்கான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப நீங்க ஏம்மா குடுக்குறீங்க?"

"சின்னதுலருந்து அவன் சொல்லி நான் எதையும் கேட்டதில்ல, சார்."

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார்.