நடக்காத மேட்ச்சில் போன முட்டி

போன ஞாயிற்றுக்கிழமை கபடி மைதானத்துச் சுவரில் மாவட்டச் சாம்பியன்களின் பெயர்ப் பலகையைத் திறந்தார்கள். நாங்கள் ஜெயித்த வருஷத்துக்கு நேராக, 'போட்டி நடைபெறவில்லை' என்று எழுதியிருந்தது.

அதைப் படித்துச் சொன்னவன் நான்தான். எங்கள் கேப்டன் செல்வராசு அண்ணன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். மடிப்பு கலையாத புதுச் சட்டை. பக்கத்தில் பூங்காவனம் அண்ணி.

"டேய் குமாரு, நம்ம வரி எதுடா? மேல இருக்குதா, கீழயா?"

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். என் டைல்ஸ் கடையில் நாளெல்லாம் பேசுகிற வாய்க்கு அன்றைக்குப் பொய் வரவில்லை. இருந்ததைப் படித்தேன்.

அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். "நடக்காத மேட்ச்லயாடா இது போச்சு?"

அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை நண்பர்களே...

நாங்கள் ஜெயித்த வருஷம் சேத்தியாத்தோப்பில் ஃபைனல். தண்ணீர் தெளித்த மைதானத்தின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பீங்கான் கம்பெனி ஆட்கள். எவ்வளவு குளித்தாலும் காது மடிப்பில் வெள்ளைக் களிமண் நிற்கும். "மாவு மில்லு செட்டு வருது பாரு" என்று ஸ்ரீமுஷ்ணத்து டீம் கிண்டல் அடித்தது.

பாயின்ட் சமம். கடைசி ரைடு அண்ணனுடையது. மூன்று பேர் அவர் மேல் விழுந்தார்கள். டக்கென்று ஒரு சத்தம்... கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. அப்போதும் மனுஷன் பாட்டை விடவில்லை. கபடி கபடி என்று ஒரே மூச்சில் ஊர்ந்து வந்து கோட்டில் விரலை வைத்தார்.

விசில்!

அந்த வருஷம் பரிசு எங்கள் ஊர் பீங்கான் கேடயம். பெயர் எழுத நடுவில் இடம் விட்டிருந்தது. "நீங்கதான் பீங்கான்காரங்களாச்சே, நீங்களே எழுதிச் சூளையில வெச்சிக்கங்க" என்று கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் ஆஸ்பத்திரியில். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாசமான நான் பெயர் எழுத முந்திக்கொண்டேன். பீங்கானில் எழுதுகிற சூளைக் கலர் பார்க்க அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. கடைவீதியில், ஜன்னலுக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. அதை வாங்கி, பன்னிரண்டு பேர் பெயரையும் எழுதி, சூளையில் வைத்தேன்.

வெளியே வந்தபோது ஒரு எழுத்து இல்லை. ஜன்னல் பெயின்ட் சூட்டில் எரிந்துபோகும், அழுக்காகத் தெரிகிற சூளைக் கலர்தான் வெந்து நிறம் எடுக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காலில் கட்டோடு படுத்திருந்த அண்ணன் சிரித்தார். "வுடுறா. நாம ஜெயிச்சது ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது. பலகை வைத்த கமிட்டிக்குத் தெரியவில்லை. மேட்ச் முடிவுகள் எழுதிய பழைய நோட்டு வெள்ளத்தில் போய்விட்டதாம். அதனால் கேடயங்களை வரவழைத்து, அதிலிருந்த பெயர்களைப் பார்த்துப் பலகை எழுதினார்களாம். அண்ணியும், முப்பது வருஷமாக அரிசிப் பானைக்கு மூடியாக இருந்த எங்கள் கேடயத்தைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

வெறும் வெள்ளை.

"ஆதாரம் இல்லாம எப்படிங்க எழுதுறது?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டிச் செயலாளர் என்னிடமே கேட்டார்.

"அப்ப நடக்கலன்னு எழுதுறதுக்கு மட்டும் எந்த ஆதாரத்தைப் பாத்தீங்க? ஆடுன ஒருத்தன கேட்டீங்களா?"

மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். ஒரு டப்பா பெயின்ட்டில் மிச்சம் பிடித்த புத்திசாலி நான்...

மறுநாள் ஸ்ரீமுஷ்ணத்துக்கு வண்டியை எடுத்தேன். அன்றைக்குத் தோற்ற கேப்டன் அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் டீ ஆற்றிய கை நின்றது.

"நடக்கலியா? அப்ப நான் யாருகிட்டய்யா தோத்தேன்? அந்தாளு காலப் புடிச்சதே நான்தான். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. பேப்பர் குடுங்க."

'நாங்கள் கடைசி ரைடில் தோற்றோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதெல்லாம் தோற்றவன் வந்து கை கொடுத்தால் போதும், ஜெயித்தது உறுதி. இப்போது அதே கை கையெழுத்தும் போட வேண்டியிருக்கிறது.

நேற்று அந்தச் செயலாளர், இந்த வருஷப் போட்டிக்கு நன்கொடை கேட்டு என் டைல்ஸ் கடைக்கே வந்தார். டீக்கடைக்காரர் எழுதிய லெட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் பேரம் பேசினேன்.

முடிந்தது இப்படி: ரொக்கம் கிடையாது. அந்த பெயின்ட் பலகையைக் கழற்றிவிட வேண்டும். எல்லா வருஷத்தையும் பீங்கான் டைல்ஸில் எழுதி, சுட்டு, சுவரில் பதித்துத் தருவது என் செலவு. எங்கள் வரியில் முதல் பெயர் செல்வராசு. தோற்ற கேப்டன் பெயரும் அதே வரியில் வரும். கலர் கலக்குவதும் சூளையில் வைப்பதும் செல்வராசு அண்ணன்.

நான் பிரஷ்ஷைத் தொடவே கூடாது. அது மட்டும் அண்ணி போட்ட கண்டிஷன்.